நாலாம் எண்

சாஸ்கட்டூன். பெப்ரவரி. விடியப்புறம் மூன்று மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமலிருக்கக் காருக்கு வயர் குத்தியிருக்கிறது.
எனக்குத்தான் தொலைபேசி:
திறந்த ஃபைல்கள் அதிகம் என்று சொல்லிவிட்டு
சர்வர் யாரையும் உள்ளே விடவில்லையாம்.

வயல்களில் நிற்கும் தகரக் குதிர்கள்
கால்மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு
நடு வயிற்றில் கனோலாவுக்கு எத்தனை பாகை என்று சொல்லும்.
சொன்னதும் வைத்துவிடும்.
பதிலுக்கு நானும் வைக்க வேண்டும்.
ஒரு வரி. எண்ணைக் கொடுத்து, குளோஸ்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
ஆயிரத்துச் சொச்சம் சாக்கெட், எல்லாம் ஒரே நிலை:
குளோஸ் வெயிட்.
அதாவது, அந்தப் பக்கம் விடைபெற்றாயிற்று.
இந்தப் பக்கம் இன்னும்
காதில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

துஷ்யந்தி ஒக்டோபரில் போனபோது
"போறன்" என்றாள்.
"வாறன்" என்ற மற்றப் பாதி வரவில்லை என்பது
வாசலில் சப்பாத்துகளை ஒதுக்கி
அவளுடைய கோப்பையைக் கழுவிக்
கவிழ்க்கும்போதுதான் உறைத்தது.

சரி, நிரலுக்கு வருகிறேன்.
குற்றம் என் வரிதான். ஆகஸ்ட் வெயிலில் எழுதியது:
பாகை பூச்சியத்துக்குக் கீழே என்றால்
கருவி பழுது, உடனே திரும்பு.
திரும்பியிருக்கிறேன், மூடாமல்.
நவம்பரில் ஏன் தெரியவில்லை?
தானியத்தின் நடுவுக்குக் குளிர் இறங்க
இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.
நேற்றிரவு குதிர்கள் ஒவ்வொன்றாய் உண்மையைச் சொல்ல
பொய் என்று முகத்தைத் திருப்பி
கதவைத் திறந்தபடி விட்டிருக்கிறேன்.

மூடிவிட்டுத் திரும்பு என்று மாற்றினேன்.
இரண்டு தரம் மூடவும் கூடாது, அது இன்னும் மோசம்.
விட்ட எண்ணை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள்,
பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் போய் அடைப்பாய்.
(போன வருடம் அப்படியும் ஒன்று செய்தேன். அது வேறு கதை.)

பழைய ஓட்டத்தைக் கொன்றேன்.
செத்தவன் திறந்து போட்ட கதவுகளையெல்லாம்
கெர்னலே போய்ச் சாத்தும்.
அந்த ஒரு கருணை உண்டு.

புதியதில் முதல் குதிர் நாலாம் எண்ணில் வந்தது.
மைனஸ் ஒன்று என்றது. எழுதினேன், மூடினேன்.
அடுத்ததும் நாலு. அதற்கடுத்ததும் நாலு.
ஒரே நாற்காலி.
யாரும் அதைச் சூடாக்கிவிட்டுப் போகவில்லை.

மேசையில் மின்சார பில், இரண்டு பெயரில்.
ஒன்றை எடுக்க எட்டரைக்குப் பிறகு கூப்பிட வேண்டும்.
இப்போது ஐந்து பத்து.