நிகர எடை

முதலாவது செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
எடைமேடைக் கேபினில், லாரிச் சீட்டுக் கட்டுக்கு அடியில் கிடந்ததை
சேவுகன் கவனிக்கவில்லை,
சோற்றுத் தூக்குவாளியை அதன் மேல் வைத்துவிட்டான்.
சத்தமே இல்லை.
எடுத்துப் பார்த்தால் பாதிப் பக்கம் அப்படியே நிற்கிறது,
மறுபாதியில் கோடு கோடாய் மழை.
கொலைகாரன் பெயர் அந்த மழைக்குள் இருந்தது.

புதுவயலில் ஆலைகள் தூங்குவதில்லை.
இரண்டு லாரிக்கு நடுவே எனக்குக் கிடைப்பது நான்கு பக்கம்,
மழைநாளில் ஒரு அத்தியாயம்.
காகிதத்தில் படித்துப் பார்த்தாயிற்று.
தவிட்டில் எண்ணெய் உண்டு;
பத்தே நாளில் கதை
வடை மடித்த தாளாகிவிடும்.
செல்போனில் படித்தால்
முதலாளி மகன் கேமராவில் பார்த்துவிட்டு
'மேரியக்கா, ரீல்ஸா?' என்பார்.

பத்து மாத இரவுப்படியை எடுத்துக்கொண்டு
காரைக்குடி, செக்காலை ரோடு,
சாத்தப்பன் கடை.
கைப்பையில் ஒரு கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் ஒரு பிடி தவிடு.

அவர் முதலில் காட்டியதற்கு நீச்சல் தெரியும்.
டம்ளர் தண்ணீரில் முக்கி
ஞானஸ்நானம் முடிந்த பிள்ளைபோல் துடைத்துக் கொடுத்தார்.
'ஒரு மணி நேரம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதுக்கா.'
'நான் கிணத்துக்குள்ள உக்காந்து படிக்கிறதில்ல.'
முடிச்சை அவிழ்த்தேன்.
'இதைப் போட்டுப் பாக்கலாமா?'
கல்லாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

சார்ஜ் துளையில் கொஞ்சம், விளிம்பில் கொஞ்சம்.
தட்டினால் உதிர்கிறதா, ஊதினால் போகிறதா?
இருப்பதிலேயே மெலிந்ததில், அழகானதில்
என் வியர்வை ஒரு சொட்டு விழுந்தது.
பக்கம் தானாகத் திரும்பிற்று.
இன்னொரு சொட்டு, இன்னொரு பக்கம்.
மே மாதத்தில் இது
எனக்கு முன்னால் கதையை முடித்துவிடும்.

பிறகு எழுத்து.
பழையதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவே புள்ளி வட்டம்,
பிடுங்கிய பல்லின் குழிபோல.
இரண்டு வருடம் நானே எடுத்து மாட்டிப் படித்தேன்.
இந்த முறை ஒவ்வொன்றிலும்
'கொக்கு கோழியைக் கேட்டது' என்று அடிக்கச் சொன்னேன்.
கொக்கு சொந்தக் காலில் நின்றது
இரண்டில்தான்.

வாங்கியது தடித்தது.
ஓரத்தில் இரண்டு பொத்தான், ரப்பர் மூடி போட்டு.
ஏற்கனவே யாரோ வைத்திருந்தது.
முதுகில் நாலு கீறல்;
அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது,
விழுந்து பிழைத்திருக்கிறது.
முன்னவர் நிறுத்திய இடமும் அழியவில்லை:
ஏதோ மாட்டு வைத்தியம், அறுபத்திரண்டாம் பக்கம்.
அழிக்கட்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன். ஏனென்று எனக்கே தெரியவில்லை.

அன்று இரவு இரண்டரை மணி, வரிசையில் வண்டி இல்லை.
கொண்டுபோய் மேடையின் நடுவில் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் மேடை,
பத்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
கேபினுக்கு ஓடிவந்து பார்த்தால்
சிவப்பில் வரிசையாய்ப் பூஜ்யம்.
உள்ளே இருநூற்றுப் பதினோரு புத்தகம்,
யாரோ ஒருவரின் காய்ச்சல் மாடு.

'எவ்வளவு?' என்றான் சேவுகன், சாக்கில் படுத்தபடி.
'காலி வண்டி.'

திருவாடானை நெல் லாரி திருப்பத்தில் ஹாரன் அடித்தது.
பாய்ந்துபோய் எடுத்தேன்.
கீறலுக்குள் ஒரு துளி தவிடு;
கடையில் நான் போட்டதா, இங்கே ஒட்டியதா.

லாரி ஏறி நின்று ஆடி அடங்குவதற்குள்
அவன் எழுந்து உட்கார்ந்தான்.
'அந்தக் கொலையைப் பண்ணுனது யாருக்கா?'
பத்து மாதமாய் அவனுக்குள் கிடந்திருக்கிறது.
'இரு,' என்றேன், 'இன்னும் ஏழு பக்கம்.
முதல்ல உன் வாளியை அந்த ஆணியில மாட்டு.'