மூன்று பாகை

இத்தாலியில் ஒரு வக்கீல் வீட்டில் வேலை செய்யும்
என் நாத்தனார் மங்களேஸ்வரி
காலுறைக்குள் உருட்டி அனுப்பினாள்
பதினொரு விதை.
கறுப்பு. மிளகைவிடச் சிறிசு.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளையாய்க் கொஞ்சம் கொழுப்பு,
சுமந்து போகும் எறும்புக்குக் கூலி.
"முதலில் வெக்கை, பிறகு குளிர், பிறகு பொறுமை"
என்று துண்டுச் சீட்டு.
மூன்றாவதைப் பொட்டலத்தில் வைக்க மறந்திருந்தாள்.

வெக்கைக்கு அடுப்புக்கு மேலே பலகை.
குளிருக்கு, நான் கணக்கெழுதும்
ஜுனைதீன் நானாவின் கந்தப்பளைக் கடையில்
யோகட் கோப்பைகளுக்குப் பின்னால்
ஈரமணல் நிரப்பிய மாஜரின் டப்பா.
ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு
"பிள்ள, நாம மண்ணும் விக்கிறமா?" என்றார் நானா.

ஏழு முளைத்தன. நான்கு நின்றன.
சைப்ரஸ் நிழல் விழும் பின்சுவரோரம்,
நண்பகலிலும் பாசி காயாத இடம்,
பால்மா டின்னில் இரண்டு, பெயின்ட் வாளியில் இரண்டு.
அடியில் ஆணியால் ஓட்டை, மேலே செங்கல் துண்டு,
அதற்கும் மேலே இலைமக்கு.
ஆடு முகர்ந்துவிட்டுப் போனது.
முள்ளம்பன்றி அடுத்த பாத்தியைத் தோண்டியது, இதைத் தொடவில்லை.
வேர்வரை விஷம்.
பழைய இலை நறுக்கிய அன்று சாறு பட்டு
மணிக்கட்டு இரண்டு நாள் எரிந்தது.

பெயரைச் சுண்ணாம்பால் வாளியில் எழுதிவைத்தேன்:
ஹெலிபோர்.
பக்கத்துப் பாத்திக்காரி பவளராணி,
கிளிநொச்சியிலிருந்து ஒற்றைப் பையோடு வந்தவள்,
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"ஹெலி" என்றாள். நிறுத்தினாள்.
"போர்."
"ரெண்டையும் பார்த்தாச்சு. பூவத்தான் பார்க்கல."
மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.
எழுத்து சுவரைப் பார்க்கும்படி
அன்று மாலை வாளியைத் திருப்பி வைத்தேன்.

மூன்று தை வந்து போனது.
இலை. இலை. மேலும் இலை.
குளிர் போதாது என்றாள் மங்களேஸ்வரி தொலைபேசியில்.
அவளுக்கென்ன.
இங்கே வானொலி "நுவரெலியாவில் மூன்று பாகை" என்றால்
கொழுந்து கருகும், வேலைநாள் பாதியாகும்,
பவளராணியின் உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில்
வெந்த கீரையாய்ச் சாயும்.
தெரியும்.
தெரிந்தும் இந்த மார்கழி முழுக்க
போர்வைக்குள் கிடந்து குளிரைக் கேட்டேன்.
சாமி படத்துக்கு முன்னால் கேட்கவில்லை.
அங்கே கூச்சமாக இருந்தது.

வந்தது.
விடிய நான்கு மணிக்குக் கதவைத் தட்டினாள்:
"ஒன் டியூப்பு எவ்வளவு நீளம்?
வெயில் படுறதுக்குள்ள பனியக் கழுவணும்."
பாத்தி முழுக்க வெள்ளை.
காலடியில் சீனி நொறுங்கும் சத்தம்.
விரல் மரத்துப்போய்
டியூப்பைப் பிடித்திருப்பது என் கையா அவள் கையா என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
பாதி பிழைத்தது.
மீதியை அவள் திரும்பிப் பாராமலே எண்ணினாள்.

டியூப்பைச் சுருட்டிக்கொண்டு பின்சுவருக்கு வந்தோம்.
இரண்டாவது வாளியில்
நான் பார்க்காத நேரத்தில் ஏறியிருந்த ஒரு தண்டு,
மூன்று மொட்டு, விரிந்தது ஒன்று,
எல்லாம் மண்ணோடு மண்ணாய் விழுந்து கிடந்தன.
"இதுவும் போச்சா" என்றாள்.
அந்தக் குரலில் திருப்தி இருந்திருந்தால்
எனக்குச் சுலபமாயிருக்கும்.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள்
வெயில் சுவர் தாண்டியது.
தண்டு கொஞ்சம் அசைந்தது, கொஞ்சம் நிமிர்ந்தது,
முழுக்க எழுந்தும்
பூ மட்டும் குனிந்தே நின்றது.
பவளராணி குந்தி உட்கார்ந்து
வெடித்த விரலை அதன் தாடைக்கடியில் கொடுத்து உயர்த்தினாள்.
பழைய பல்லின் வெள்ளை, உள்ளே ஊதாப் புள்ளிகள்.

"வாசமில்ல."
இல்லை.
"திங்கலாமா?"
விஷம்.
"வெல போகுமா?"
போகாது.
"குளிர் வராட்டி?"
பூக்காது.
"அப்ப பூக்காமலே இருக்கட்டும்" என்றாள்,
விரலை எடுக்காமல்.

சரி என்றேன்.
அது பொய்யா என்று
அடுத்த மார்கழியில்தான் தெரியும்.