மனெப்யன்

போர் முடிந்து எட்டு மாதம்.
பெகு ஆற்றில் நாங்கள் பூட்டிய பாலத்தை
நாங்களே கழற்றுகிறோம்.
ஒரு சட்டத்துக்கு ஆறு ஆள்;
காய்ச்சலில் ஆள் குறைய
ஜப்பான் கைதிகள் இருவரைச் சேர்த்தார்
ஹவில்தார் சவரிராயன்.

"கப்பல்?" என்றான் ஒருவன்,
மரையாணியைத் துடைத்தபடி.
எங்கள் பேச்சில் பொறுக்கிய சொல்.
மனெப்யன் என்றேன்.
டீக்கடைப் பர்மியக்காரி
எனக்குத் தினமும் சொல்வது: நாளைக்கு.

இங்கே வந்த முதல் கடிதத்தில்
மகனுக்குப் பல் முளைத்தது.
நேற்றைய கடிதத்தில் அது விழுந்து
கூரைமேல் எறிந்தானாம்.

சட்டத்தின் மறுமுனையில் அவன்.
அவன் குனிந்தால் நானும் குனிந்தாக வேண்டும்.
"தூக்கு" என்கிறார் சவரிராயன்.
லாரியில் ஏற்றுகிறோம்.
பக்கவாட்டில் சுண்ணாம்பு எழுத்து: மதராஸ்.

இரும்புக்கு வெள்ளிக்கிழமை கப்பல்.