இடது சிலிண்டர்

விற்றவர் லோ கெங் ஹுவாட்
சாவியைக் கையில் வைக்கும்போதே சொல்லிவிட்டார்:
"கார்புரேட்டர்தான். வேறொன்றுமில்லை."
வேறொன்றுமில்லாத அந்த ஒன்றோடு
ஐந்து மாதமாகக் குடித்தனம்.

எழுபத்திரண்டில் பிறந்த ஹோண்டா,
என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
ஈசூனில் எங்கள் கார்நிறுத்தத்தின் நான்காம் மாடியில்
தூணுக்கும் யாரோ விட்டுப்போன சைக்கிளுக்கும் நடுவே நிற்கும்.
வெயிலில் எடுத்தால் சமர்த்து.
மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் மட்டும்
லென்டோர் மேட்டில் நொண்டும்.
இந்தத் தீவில்
மழை பெய்து ஓயாத சாயங்காலம் எத்தனை?

வீடு திரும்பியதும்
இரண்டு புகைக்குழாயிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுவேன்.
வலதில் விழுந்தது சுர்ரென்று செத்துப்போகும்.
இடதில் விழுந்தது
உட்கார்ந்து என்னையே பார்க்கும்.

பல் ஆய்வகத்தில் வேலை எனக்கு.
பொய்ப்பற்களைக் குளிப்பாட்டும் அதிர்வுத் தொட்டியில்
எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து
ஜெட்டுகளைப் போட்டேன்,
யாரோ ஒருவரின் கீழ்த்தாடைக்குப் பக்கத்தில்.
பச்சைக் களிம்பு கழன்று
தொட்டி, பாசிப்பயறு வெந்த தண்ணீரானது.
வேர்ச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் மெல்லிய கம்பியால்
ஒவ்வொரு துளையையும்
சுரண்டாமல் நலம் மட்டும் விசாரித்தேன்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
துளைக்கு அப்பால், சாப்பிட்டுத் திரும்பிய நூரைனியின் முக்காடு
ஊசிமுனை அளவு நீலம்.
சுத்தம். சத்தியமாகச் சுத்தம்.

பூட்டினேன். ஓட்டினேன்.
லென்டோர்.

பிறகு மிதவையின் உயரம் அளந்தேன்.
ரப்பர் சவ்வு மாற்றினேன்.
பெட்ரோல் மூடியின் மூச்சுத்துளையைக்கூட நம்பவில்லை.
ஒருவரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டால்
அவர் தும்மினாலும் சாட்சிதானே.
பிளக்கைக் கழற்றிச் சட்டத்தில் வைத்து உதைத்தபோது
பொறி பறந்தது, கொழுத்த பொறி.
அது மழையில்லாத ஒரு ஞாயிறு
என்பதை நான் குறித்துவைக்கவில்லை.

தூணில் அறிவிப்பு ஒட்டினார்கள்.
இரவு ஒன்பதுக்கு மேல் இரைச்சல் கூடாது, நான்கு மொழிகளில்.
தமிழில் மட்டும் 'இறைச்சல்'.
பேனாவால் றகரத்தைத் திருத்திவிட்டு மணி பார்த்தேன்.
எட்டு நாற்பது.

வெளியே அப்போதுதான் நின்றிருந்தது நவம்பர் மழை.
உதைத்தேன். ஒரு காலில் ஓடத் தொடங்கியது.
அலுத்துப்போய் தரையில் உட்கார்ந்தேன்.
திருப்புளியைக்கூட எடுக்கவில்லை.
ஆள் அசையாவிட்டால்
நாம் இல்லையென்று முடிவுசெய்துவிடும் விளக்குகள் இங்கே.
ஒவ்வொன்றாக மங்கின.

இருட்டில்,
டாங்கிக்கு அடியில்,
காயிலிலிருந்து இறங்கும் கம்பி
சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் வளையும் இடத்தில்
ஒரு நீலப் புழு
துடித்துத் துடித்து இரும்புக்குத் தாவியது.

கம்பியின் தோலில் மயிரிழை வெடிப்பு.
ஈரம் தட்டினால் மட்டும் திறக்கும் கதவு.
பிளக்வரை டிக்கெட் எடுத்த பொறி
பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தது.
சிரித்தேன்.
தோள் குலுங்கியதில் விளக்குகள் எரிந்தன.
புழுவைக் காணோம்.

மறுபடி சிலையாக உட்கார்ந்து
கைபேசியில் பிடித்து லோவுக்கு அனுப்பினேன்.
பதினோரு வருடத்தில் மூன்று கார்புரேட்டர் வாங்கிய மனிதர்.
இரண்டு நீலக் கோடுகள்.
ஒன்பதே காலுக்குப் பதில் வந்தது:
"திருப்பிக் கொடுப்பியா? எவ்வளவு?"

கம்பி ஆறு வெள்ளி.
காயிலோடு ஒட்டிப் பிறந்ததை வெட்டி
ஒட்டுப் போட்டுச் சுற்றினேன்.
நேற்று, மழையிலேயே
லென்டோர் மேட்டை ஏறினேன்
மூன்று முறை. வேலையே இல்லாமல்.

திரும்பி வந்து தண்ணீர் விட்டேன்.
வலது, சுர்.
இடது, சுர்.
இன்னொரு சொட்டு
நான் விடாதது
வலது கார்புரேட்டரின் அடியில் திரண்டு தொங்கியது.
தொட்டு முகர்ந்தேன்.
பெட்ரோல்.

லோவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.