பத்தொன்பது கோப்புகள்

நிரல் எழுதும் அதே கறுப்புத் திரையில்தான்
வீட்டையும் எழுதுகிறேன்.
இடப்பக்கம் ஆபீஸ். வலப்பக்கம் மடிப்பாக்கம்.

யாஸ்மின் சொல்லித்தான் அந்த நீட்சியை நிறுவினேன்.
"ரெண்டு சதுர அடைப்புக்குறி போடு,
நடுவுல பேரைப் போடு,
மிச்சத்த அது பாத்துக்கும்" என்றாள்.
போட்டேன்.
[[சம்ப்]] [[மோட்டார்]] [[லாரித் தண்ணி]]
[[இரண்டாம் மாடிக் கசிவு]]
தலைக்கு ஒரு கட்டக்குறி, கீழே நாலு வரி.
மார்க்டவுனுக்கு அலங்காரம் தெரியாது.
எனக்கும்தான்.

நாலு வருஷம். அறுநூற்றுச் சொச்சம் கோப்புகள்.

நேற்று ராத்திரி மழையில் கரண்ட் போனது.
பேட்டரி முப்பத்தொரு சதவீதம்.
நெட் இல்லை, ஆபீஸ் இல்லை,
சும்மா வரைபடத்தைத் திறந்தேன்.
ஒவ்வொரு கோப்பும் ஒரு புள்ளி,
ஒவ்வொரு இணைப்பும் ஒரு இழை.
வெளிச்சத்துக்கு வந்த ஈசலும் புள்ளிகளும்
திரையில் சேர்ந்தே மொய்த்தன.
ஒன்றைத் தட்டினேன், பறந்தது.
இன்னொன்று பறக்கவில்லை.

அதுதான் இருப்பதிலேயே பெரிய வட்டம்.
உள்ளே நிறமில்லை.
நிறமில்லை என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை,
மற்றவை மட்டும் அதைச் சுட்டுகின்றன.

[[தணிகாசலம்]]

சுட்டியவை பத்தொன்பது. பக்கப் பலகையில் வரிசையாக வந்தன.
சம்ப்: 'தணிகாசலம் இறங்கினார். இடுப்பளவு சேறு.'
சாவி: 'தணிகாசலத்திடம் ஒன்று.'
டிசம்பர் வெள்ளம், மூன்றாம் நாள்: 'பால் பாக்கெட் நாலு. தணிகாசலம்.
கழுத்தளவுத் தண்ணீர்.'
அப்பா, ஆஸ்பத்திரி: 'லிஃப்ட் ஓடவில்லை.
நாற்காலியோடு தூக்கி இறக்கியது தணிகாசலமும் எதிர்வீட்டுப் பையனும்.'

வட்டத்தை அழுத்தினேன்.
புதுக்கோப்பு திறந்தது, தலைப்பு தானாக வந்து நின்றது.
'பிளம்பர்' என்று எழுதினேன்.
போன் நம்பர் எழுதினேன்.
அதற்குக் கீழே கர்சர் துடித்தது.
நானும் அதுவும் கொஞ்ச நேரம் அப்படியே.
பேட்டரி பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.

காலையில் மோட்டார் பார்க்க வந்தார்.
"உங்க முழுப் பேரு என்ன?"
"ரேஷன் கார்டு போடப் போறீங்களா மேடம்?"
சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் துடைத்தார்.
"தணிகைவேலுங்க.
தணிகாசலம் எங்க அண்ணன்.
மொதத் தடவ அவருதான் வந்தாரு உங்க வூட்டுக்கு,
அப்புறம் பூரா நான்தான்."
"ஏன் சொல்லல இத்தன வருஷமா?"
"கூப்ட்டா வந்துடறேன்ல."

பெயர் மாற்ற ஒரு விசை போதும்.
தட்டினேன்.
'பத்தொன்பது கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன.'
இமைப்பதற்குள் சேற்றிலிருந்து, வெள்ளத்திலிருந்து,
அப்பாவின் நாற்காலிக்கு அடியிலிருந்து
ஒரு பெயர் போய் இன்னொன்று வந்தது.

பிறகுதான் உறைத்தது.
அந்த முதல் தடவை அண்ணனுடையது.
தேடினேன். பாத்ரூம் குழாய், வாஷர் மாற்றம், நூற்றைம்பது ரூபாய்.
அதை மட்டும் கையால் பழையபடி எழுதினேன்.
வரைபடத்தின் ஓரத்தில்
புதிதாக ஒரு காலி வட்டம் முளைத்தது,
கடுகளவு, ஒற்றை இழையில்.
அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.
அப்படியே விட்டேன்.

இந்த ஊரில் பெயர் இப்படி மாறுவதில்லை.
பலகை மாறும். வாய் மாறாது.
இடித்து எட்டு மாடி எழும்பி,
கீழே மருந்துக்கடையும் வந்த பிறகும்
கண்டக்டர் 'தியேட்டர் ஸ்டாப்' என்றுதான் குரல் கொடுக்கிறார்.
இல்லாத கோப்பைச் சுட்டும் இணைப்பு.
நாலு பேர் இறங்குகிறார்கள்,
சரியான இடத்தில்.

மத்தியானம் மொட்டைமாடித் தொட்டி வழிந்தது.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன்.
கேட்டருகே சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.
அவசரத்தில் கத்தினேன்:
"தணிகாசலம்!"

"தோ வந்துட்டேன்" என்றார்.