நிற்பவை கழிக்கப்படும்

மேட்டூர் திறந்து பதினேழு நாள்.
தலைஞாயிற்றுக்குத் தெற்கே, கடைசி மதகின் மேல்
முக்காலியில் ஏற்றி வைத்திருக்கிறோம் ரேடாரை.
கீழே வாய்க்கால். வெடித்த களிமண்.

லஸ்கர் வைரக்கண்ணு கேட்டார்:
"தண்ணி எங்க வருது, என்ன வேகத்துல வருதுன்னு
இது சொல்லிடுமா?"
அவர் போன் விடிந்ததிலிருந்து
அந்த இரண்டு கேள்விக்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

சொல்லும் என்றேன்.
பெட்டிக்குள் ஒரு லேசர், முடி கனத்தில் கண்ணாடி இழை.
ஒளியின் முதுகில் ஓர் அலையை ஏற்றுகிறோம்,
அது சுருதி ஏறிக்கொண்டே போகும்.
ஒரு பாதி ஆண்டெனா வழியே வாய்க்காலுக்கு,
மறு பாதி இங்கேயே காவல்.
போனது திரும்பி வருவதற்குள்
இருந்தது மேலே ஏறியிருக்கும்.
இரண்டையும் ஒளிக்குள் கலந்தால்
மிஞ்சுகிற வித்தியாசம்தான் தூரம்.
அடுத்தடுத்த எதிரொலி நழுவுகிற நழுவல் வேகம்.

"வெளிய போன பணம் திரும்ப நாளாக ஆக
வட்டி ஏறுற மாதிரி" என்றார்.
என் ஆய்வேட்டில் இதற்கு நாற்பது பக்கம்.

நிற்பதையெல்லாம் கழித்துவிடச் சொல்லியிருந்தேன் நிரலில்.
மதகுத் தூண் கழிந்தது, கருவை கழிந்தது,
காலையிலிருந்து கரையில் நிற்கிறவர்களும் கழிந்தார்கள்.
இந்திராணி ஒரு கொசுவை அடித்தாள்:
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டரில்
ஒரு புள்ளி எரிந்து அணைந்தது.

மூன்று நாற்பதுக்கு வந்தது.
நானூற்று ஆறு மீட்டர். நொடிக்கு இருபது சென்டிமீட்டர்.
முன்னால் சருகு, நுரை, ஒற்றைச் சிவப்புச் செருப்பு.
முன்னூற்று எண்பது. பதினாறு.
முன்னூற்று எழுபத்தொன்று. ஐந்து.
பிறகு
திரையில் ஒன்றுமில்லை.

கேபிளை ஆட்டிப் பார்த்தேன். லேசரைத் தொட்டுப் பார்த்தேன்.
கருவியில் கோளாறில்லை. தண்ணீர் நின்றுவிட்டது,
நின்றதால் அதையும்
தூணோடும் ஆட்களோடும் சேர்த்துக் கழித்திருக்கிறது
நான் எழுதிய ஒற்றை வரி.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று
விரல் வைத்திருக்கும்போதே திரை கொப்பளித்தது.
நான்கு, ஒன்பது, பதினொன்று.
இரண்டு விரற்கடை இடைவெளியையும் பிரித்துக் காட்டுகிற கருவி,
ஒருவரை இன்னொருவரோடு ஒட்டவில்லை.
நொடிக்கு மூன்று மீட்டர், மூன்றரை,
எல்லாம் எதிர்க்குறி: எங்களைவிட்டு விலகி
காய்ந்த ஆகாயத்தாமரை அணைபோட்ட இடத்துக்கு,
மண்வெட்டியோடு.
பன்னிரண்டாவது புள்ளி நாய்.

போன் அடித்தது. வைரக்கண்ணு
என் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"முன்னூத்தி எழுபது மீட்டர்ல நிக்குது சார்.
இதுல தெரியல.
ஆளுங்க ஓடுறது தெரியுது."