ஒரு சாண்

"பதினொரு பேர் போன வருடமும் பிளே-ஆஃப் ஆடியவர்கள்.
அனுபவம் ரெட்ஸ்டோன் பக்கம்"
என்று போட்டிருந்தது வியாழக்கிழமைச் செய்தித்தாள்.

அந்தப் பதினொன்றில் நானும் உண்டு.
குனிந்து நின்று
கால்களுக்கு நடுவே பின்னால் பந்தை எறிபவன்.
எங்கள் மிச்சிகனில் இதையும் கால்பந்து என்றே சொல்கிறோம்,
காலுக்கு இதில் வேலை
எப்போதாவதுதான் என்றாலும்.

என்ன அனுபவம் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இங்கே விருந்தாளிகளின் அறையில் எட்டுக் குழாய்கள்,
கதவோரம் உள்ள மூன்றில்தான் வெந்நீர்.
மூன்றாம் கால்பகுதி முடிந்ததும்
காற்று ஏரியை விட்டுவிட்டு
ஸ்கோர்போர்டுப் பக்கமிருந்து வரும்.
தோற்றுத் திரும்பும் பேருந்தில்
ஒருவரும் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை.
எஸ்கனாபா தாண்டியதும் யாராவது பிரிப்பான்.
அந்தச் சத்தத்துக்காக
அவனுக்கு நாங்கள் நன்றி சொல்ல மாட்டோம்,
ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்வோம்.

போன நவம்பரில்
நான் எறிந்தது ஒரு சாண் உயரம்.
ஒரே ஒரு சாண்.
மண்டியிட்டிருந்த பெராலாவின் விரல்நுனியைத் தொட்டு,
அவனைத் தாண்டிப் போனது.
பனியில் அது உருண்டதைக்
கால்களுக்கு நடுவே, தலைகீழாக,
முழுவதும் பார்த்தேன்.
வானத்தில் உருள்வது போலிருந்தது.
எவ்வளவோ நேரம்.

பிறகு ஒரு குளிர்காலம்.
கராஜில் தொங்கவிட்ட டயருக்குள்
நாளொன்றுக்கு இருநூறு முறை எறிந்தேன்.
அம்மாவின் கார் வெளியே நின்றது, மார்ச் வரை.
காலை ஐந்தரைக்கு
அவள் கண்ணாடியில் பனிக்கட்டி சுரண்டும் சத்தம்தான்
எனக்கு அலாரம்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை,
சுரண்டினாள்.

இன்று அதே மைதானம், அதே முனை.
இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்.
பதினொரு நொடி பாக்கி.
உதைக்கப் போகிறவன் வயட் ஸ்கோக்ஸ்டாட்,
ஒன்பதாம் வகுப்பு.
போன நவம்பரில் பள்ளி இசைக்குழுவில்
டிராம்போன் ஊதிக்கொண்டிருந்தானாம்.

எதிரணி டைம்-அவுட் கேட்டது.
உதைப்பவனை யோசிக்கவிட்டு
உறைய வைப்பதற்கு.
இந்தப் பையன் அந்த நேரத்தில்
ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.
"இங்கே எப்பவும் இவ்வளவு குளிருமா?"
இல்லை என்றேன்.
பிளே-ஆஃப் ஆடியவனுக்குத்தான்
அந்தப் பொய்யை அவ்வளவு வேகமாகச் சொல்ல வரும்.

நான் குனிந்தேன்.
உலகம் கவிழ்ந்தது.
பனி கீழிருந்து மேலே விழுந்தது.
நடுவில், மண்டியிட்டபடி பெராலா.
ஒரு வருடமாக நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.
கணக்கு வகுப்பில் அருகருகே உட்கார்ந்தும் பேசியதில்லை.

அப்போது பார்த்தேன்:
அவன் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.
ஒரு சாண் மேலே இருந்தன.

சுள்ளென்றது.
இருநூறு தடவை, நூற்றுச் சொச்சம் நாள்,
அம்மாவின் கார்,
எல்லாவற்றுக்கும் பிறகும்
என்னை அவன் அப்படித்தான் நினைத்து வைத்திருக்கிறான்.

எறிந்தேன்.

ஒரு சாண் உயரம்.

அங்கே அவன் கைகள் இருந்தன.

அதற்குள் எதிரணியின் பெரியவன் ஒருவன்
என் மேல் விழுந்தான்.
முகம் பனிக்குள்.
ஒரு காதில் ஈரம்,
மறு காதில் கேட்டது
போன வருடம் கேட்காத சத்தம்,
காலில் பந்து பட்ட சத்தம்,
தடித்த புத்தகத்தை யாரோ மூடியது போல.

எழுந்திருக்காமல் கிடந்தேன்.
கூட்டம் மூச்சு இழுத்தது.
அதற்கப்புறம் நடந்த எதிலும்
எனக்கு
முன் அனுபவம் இல்லை.